எங்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போகாத சென்னைக் குடும்பம் உண்டா? வீட்டில் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று என்றால், விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவோம். பூந்தமல்லி தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் வந்ததும், "ராமானுஜர் அவதரித்த ஊர்!" என்று பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். மற்றவர்கள் காப்பிக்கு எங்கே நிறுத்தலாம் என்று பார்ப்பார்கள். அதற்கப்புறம் சுங்குவார்சத்திரம். அதற்கப்புறம் புடவைக் கடைதான்!

நடுவிலே ஒரு காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் கவனித்திருக்க மாட்டீர்கள். வரிசை வரிசையாகக் கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருக்கும். ஜன்னல் ஓரங்களில் எல்லாம் பெண்கள். கழுத்தில் அடையாள அட்டை, தலையில் நேற்று வைத்த மல்லிகை, கண்ணில் தூக்கம். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்தபடி பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இரவு ஷிப்ட் முடிந்து திரும்புகிறவர்கள் அவர்கள். எதிர்த் திசையில் இன்னொரு வரிசை பஸ் போகும். அதிலே இருப்பவர்கள் பகல் ஷிப்டுக்குப் போகிறவர்கள். அவர்களிலும் பாதிப் பேர் தூக்கந்தான்!

சென்ற மாதம் நானும் அப்படித்தான் புடவை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து இடத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இருபது வயது இருக்கும். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்துக்கு இரண்டு நாள் லீவில் போய்விட்டு விடுதிக்குத் திரும்புகிறாளாம். மடியிலே ஒரு பை. அதிலிருந்து எள்ளுருண்டை வாசனை வந்தது.

"புடவை என்ன விலைம்மா?" என்று கேட்டாள். சொன்னேன். "அடேயப்பா! என் ரெண்டு மாச சம்பளத்துக்கு மேலே இருக்குதே!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பொறாமை கொஞ்சங்கூட இல்லை. எனக்குத்தான் புடவைப் பையை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை.

பேச்சுக் கொடுத்தேன். வீட்டில் மூத்தவள். ஸெல்போன் பாகங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. தம்பியின் பாலிடெக்னிக் படிப்பு இவள் சம்பளத்தில் நடக்கிறது. வீட்டுக்குக் கூரை மாற்றி ஓடு போட்டதும் இவள் பணந்தான். விடுதி அறையில் இவளோடு ஐந்து பெண்கள்; ஐந்து பேரும் ஐந்து ஊர். போன மாதம் அவர்களில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாளாம். மற்றவர்கள் ஷிப்டை மாற்றிப் போட்டுக்கொண்டு, யாராவது ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்களாம்.

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். முன்பக்கத்தில் வரவு செலவுக் கணக்கு. ஏதோ ஒரு தொகையைக் குறித்துக்கொண்டு மூடுவதற்குள் காற்றில் பின்பக்கங்கள் புரண்டன. அங்கே கணக்கு இல்லை. நெருக்கமான எழுத்தில், பத்தி பத்தியாக என்னவோ எழுதியிருந்தது.

"அது என்னம்மா?" என்றேன்.

"சும்மா... ரூம்லே நடக்கிறதை எழுதி வைப்பேன்" என்று சொல்லி நோட்டைச் சட்டென்று மூடினாள்.

"கதை மாதிரி எழுதேன்!"

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்களைப் பத்தி எழுத என்னம்மா இருக்குது? எந்திரிக்கிறோம், பஸ் ஏறுறோம், வேலை செய்யிறோம், தூங்குறோம்!"

நான் பதில் சொல்வதற்குள் அவள் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. "வரேம்மா!" என்று ஒரு எள்ளுருண்டையை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அன்று அவளிடம் சொல்ல முடியாத பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

இதே கேள்வியைக் கேட்ட இன்னொருத்தி

"எங்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று அவளுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருத்தி கேட்டாள். அவள் அமெரிக்கப் பெண்மணி. பெயர் லூயிசா மே ஆல்காட்.

1832-ஆம் ஆண்டு பிறந்த லூயிசா, நான்கு சகோதரிகளில் இரண்டாமவள். வளர்ந்தது பாஸ்டன் நகரத்திலும், அதற்கு அருகே உள்ள கான்கார்டு என்ற சிற்றூரிலும். காந்தியடிகள் விரும்பிப் படித்தாரே, தோரோ என்ற ஞானி, அவர் இந்தக் கான்கார்டுக்காரர்தான். சிறுமி லூயிசா அவரோடு காட்டிலும் மேட்டிலும் சுற்றியிருக்கிறாள். அவள் தகப்பனாரும் ஒரு தத்துவ ஞானி. வீட்டுக்காரர் தத்துவ ஞானியாக இருந்தால் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை! நல்ல மனிதர், மகா யோக்கியர். ஆனால் அவர் ஆரம்பித்த பள்ளிக்கூடமும் நிலைக்கவில்லை, பண்ணையும் நிலைக்கவில்லை. கடன் ஒன்றுதான் நிலைத்து நின்றது.

ஆகவே பெண்கள் வேலைக்குப் போனார்கள். லூயிசா தையல் வேலை செய்தாள். குழந்தைகளுக்குப் பாடம் சொன்னாள். ஒரு வீட்டில் வேலைக்காரியாகவும் இருந்தாள். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது, 1862-ஆம் வருஷக் கடைசியில், காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சிசுருஷை செய்யப் போய், சில வாரங்களில் விஷ சுரம் கண்டு பிழைத்ததே பெரிதென்று வீடு திரும்பினாள். இதற்கு நடுவே இரவெல்லாம் எழுதினாள். புனைபெயரில் மர்மக் கதைகள்கூட எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினாள். புகழுக்காக அல்ல, கடன்காரனுக்காக!

1868-இல் பாஸ்டன் பதிப்பாளர் நைல்ஸ் என்பவர், "பெண் குழந்தைகள் படிக்கிற மாதிரி ஒரு புத்தகம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார். லூயிசாவுக்கு இஷ்டமே இல்லை. தன் சகோதரிகளைத் தவிர வேறு பெண்களைப் பற்றித் தனக்கு என்ன தெரியும், எங்கள் வீட்டு விளையாட்டுகளையும் கஷ்டங்களையும் யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். இருந்தாலும் எழுதினாள். சில அத்தியாயங்களைப் படித்துப் பார்த்த நைல்ஸுக்கும் அது உப்புச் சப்பில்லாமல்தான் பட்டது. நல்ல வேளையாக, அவர் அதைத் தம் உறவுப் பெண் ஒருத்தியிடம் படிக்கக் கொடுத்தார். அவள் கீழே வைக்கவே இல்லை. பெண்கள் புத்தகத்துக்குப் பெண்தானே நீதிபதி!

அப்படி வெளிவந்ததுதான் 'லிட்டில் விமன்'. 'சின்னப் பெண்மணிகள்' என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1868 செப்டம்பர் கடைசியில் முதல் பாகம் வந்தது. அச்சடித்த 2,000 பிரதிகளும் சில வாரங்களில் தீர்ந்துபோயின. அடுத்த ஆண்டு இரண்டாம் பாகம். ஆல்காட் குடும்பத்தின் கடன் அத்தனையும் தீர்ந்தது.

தீபாவளிக்குப் புதுத் துணி இல்லாத வீடு

கதையிலே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ராஜகுமாரன் இல்லை, புதையல் இல்லை. நான்கு சகோதரிகள்: மெக், ஜோ, பெத், ஏமி. தகப்பனார் யுத்த முனைக்குப் போயிருக்கிறார். வீட்டில் வறுமை. கிறிஸ்துமஸ் வருகிறது, இந்த வருஷம் பரிசு கிடையாது என்று தாயார் சொல்லிவிட்டாள். நம் வீட்டில் "இந்தத் தீபாவளிக்குப் புதுத் துணி இல்லை" என்றால் எப்படி இருக்கும்? அப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களோடு கதை ஆரம்பமாகிறது. ஆளுக்கு ஒரு டாலர் கையில் இருக்கிறது. அதில் தனக்கு என்ன வாங்கலாம் என்று ஒவ்வொருத்தியும் திட்டம் போடுகிறாள். கடைசியில் எல்லாரும் அம்மாவுக்கே வாங்குகிறார்கள். அவ்வளவுதான்!

மூத்தவள் மெக், ஒரு பணக்கார வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். இரண்டாமவள் ஜோ, சிடுசிடுக்கும் கிழ அத்தைக்குத் துணையாக இருந்து சம்பாதிக்கிறாள். தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்ததும், அம்மாவின் பிரயாணச் செலவுக்காகத் தன் நீளக் கூந்தலை வெட்டி 25 டாலருக்கு விற்றுவிடுகிறாள். இரவிலே அவள் கதை எழுதுகிறாள். அவள் கதைக்குப் பரிசாகக் கிடைத்த 100 டாலர், நோயாளித் தங்கை பெத்தைக் கடற்கரைக்கு அழைத்துப் போவதில் செலவாகிறது.

வேறு பெயர்களைப் போட்டுப் பாருங்கள். தம்பியின் பாலிடெக்னிக், வீட்டின் ஓட்டுக் கூரை, காய்ச்சலில் படுத்த அறைத் தோழி! பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் யார் என்று இப்போது தெரிகிறதல்லவா?

ஜோ வேறு யாரும் அல்ல, லூயிசாதான். மூத்தவள் அன்னா கதையில் மெக் ஆனாள். கடைசித் தங்கை மே, எழுத்துகள் இடம் மாறி ஏமி ஆனாள். சாந்தமே உருவான பெத், 1858-இல் இறந்துபோன தங்கை எலிஸபெத். முதல் பாகத்தைப் படித்த சிறுமிகள், பக்கத்து வீட்டுப் பணக்காரப் பையன் லாரிக்கு ஜோவைக் கல்யாணம் செய்துவைக்கும்படி லூயிசாவுக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். அவள் பிடிவாதமாக மறுத்துவிட்டாள். ஜோவுக்கு வயதான ஒரு புரொபஸரைக் கட்டிவைத்தாள். தான் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தங்கை மே 1879-இல் பிரசவத்துக்குப் பின் இறந்ததும் அந்தப் பெண் குழந்தையை எடுத்து வளர்த்தாள். 1888-இல் காலமானாள்.

ஒரு கதை, பல வீடுகள்

லூயிசா போன பிறகும் ஜோ போகவில்லை. சினிமாவாக 1933, 1949, 1994, 2019 என்று ஹாலிவுட் மட்டுமே திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறது. 1987-இல் ஜப்பானில் சித்திரப் படத் தொடராக வந்தது. 2022-இல் கொரியா தேசத்து டெலிவிஷனில் மூன்று சகோதரிகளாக வந்தார்கள்.

இதைவிட எனக்கு ஆச்சரியம், வளரும் பெண்களுக்காக இந்தக் கதையை இன்றைய எழுத்தாளர்கள் மறுபடி மறுபடி எழுதுவதுதான். அப்படியே நகல் எடுப்பதில்லை. வீட்டை மாற்றுகிறார்கள், காலத்தை மாற்றுகிறார்கள்.

ஹெனா கான் என்பவர் 2019-இல் எழுதிய புத்தகத்தில் அட்லாண்டா நகரத்தில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்து நான்கு சகோதரிகள் வருகிறார்கள். அப்பா யுத்தத்துக்குப் போகவில்லை. வேலைக்காக அபுதாபி போகிறார். இந்த இடத்தில் நம் ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு மனசு 'ஆமாம்' என்று சொல்லும்! ஜோவின் இடத்தில் ஜமீலா. அவளுக்குப் பத்திரிகைக்காரி ஆகவேண்டுமென்று ஆசை. ஒரு தங்கைக்குப் புற்றுநோய் என்று தெரியும்போது அந்தப் பெண் குழந்தைகள் தவிக்கிற தவிப்பு, பழைய பெத்தின் கதையை நினைவூட்டுகிறது.

பெத்தனி மாரோ என்ற கறுப்பினப் பெண்மணி 2021-இல் வேறொரு காரியம் செய்தார். லூயிசாவின் கதை நடப்பது அடிமைத்தனத்தின் காரணமாக மூண்ட யுத்த காலத்தில். ஆனால் அடிமைகளாக இருந்தவர்களின் வீடு அந்தக் கதையில் எங்கே? 1863-இல், விடுதலை பெற்ற மக்கள் ரோனோக் தீவில் அமைத்துக்கொண்ட குடியிருப்பிலே தம் நான்கு சகோதரிகளை மாரோ குடிவைத்தார். மெக் அங்கே பள்ளி உபாத்தியாயினி, ஜோ எழுத்துக்காரி, பெத் தையற்காரி.

2022-இல் நான்கு பெண் எழுத்தாளர்கள் சேர்ந்து, ஆளுக்கொரு சகோதரியைப் பங்கு போட்டுக்கொண்டு ஒரு புத்தகம் எழுதினார்கள். காலம் 1942, இரண்டாம் உலக யுத்தம். பெத் இறந்துபோய்விட்டாள், இருந்தாலும் அவளும் கவிதையாகப் பேசுகிறாள். அதிலே ஜோ என்ன செய்கிறாள் தெரியுமா? வீட்டை விட்டுக் கிளம்பி, விமானம் கட்டும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறாள்!

இதைப் படித்தபோதுதான் எனக்கு அந்த எள்ளுருண்டைப் பெண்ணின் ஞாபகம் பளிச்சென்று வந்தது. பாக்டரிக்குப் போகிற ஜோ கற்பனை. பாக்டரிக்குப் போகிற பெண்கள் தாங்களே எழுதியது உண்டா?

உண்டு.

ஜன்னலில் ஒட்டிய கவிதை

லூயிசாவின் கான்கார்டிலிருந்து அதிக தூரமில்லை, லோவெல் என்ற ஊர். லூயிசா சிறுமியாக இருந்த காலத்தில் அங்கே பெரிய பெரிய துணி ஆலைகள் எழுந்தன. சுற்றுவட்டாரத்துப் பண்ணை வீடுகளிலிருந்து பெண்கள் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தார்கள். தங்குவதற்குக் கம்பெனி விடுதி. மணி அடித்தால் எழுந்திருக்கவேண்டும். இரவு 10 மணிக்குக் கதவு சாத்திவிடும். வேலை நேரம் நாளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி. சம்பளத்தில் ஒரு பங்கு வீட்டுக்கு. அண்ணன் தம்பிகளைப் படிக்கவைத்தவர்கள் அவர்களில் அநேகம் பேர்.

வேலை நேரத்தில் புத்தகம் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு. லூசி லார்காம் என்ற பெண் என்ன செய்தாள் தெரியுமா? பத்திரிகையிலிருந்து கவிதைகளைக் கத்தரித்து, தான் வேலை செய்யும் இடத்து ஜன்னல் ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொண்டாள். ஒட்டியது காகிதந்தானே, புத்தகம் இல்லையே! பிற்காலத்தில் அவள் பெயர்பெற்ற கவியானாள்.

1840-இல் இந்த ஆலைப் பெண்களின் எழுத்தைத் தாங்கி ஒரு பத்திரிகையே வெளிவரத் தொடங்கியது. 'லோவெல் ஆபரிங்' என்று பெயர். கதை, கட்டுரை, கவிதை எல்லாம் தறியடியில் நிற்கும் பெண்கள் எழுதியவை. சில ஆண்டுகளில் ஆசிரியப் பொறுப்பும் பெண்கள் கைக்கே வந்தது. 1842-இல் அமெரிக்கா வந்த சார்லஸ் டிக்கன்ஸ் அந்த ஊருக்குப் போய், அந்தப் பத்திரிகையை நூற்றுக்கணக்கான பக்கங்கள் படித்துப் பார்த்துப் பாராட்டி எழுதினார்.

எல்லாம் பால் பாயசந்தானா என்றால், இல்லை. 1834-இல் கூலியைக் குறைத்தபோதும், 1836-இல் விடுதிக் கட்டணத்தை உயர்த்தியபோதும் பெண்கள் வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கினார்கள். இரண்டாம் வேலை நிறுத்தத்தில், பெரியவர்கள் தயங்கி நின்றபோது பதினொரு வயதுச் சிறுமி ஹாரியட் ஹான்ஸன், "நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன்" என்கிற தோரணையில் முன்னால் நடந்தாளாம். திரும்பிப் பார்த்தால் அறை முழுவதும் அவள் பின்னால் வந்துகொண்டிருந்தது! அந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அவளே எழுதி வைத்தாள். கூலிக் கஷ்டத்தைப் பத்திரிகை போதிய அளவு எழுதுவதில்லை என்று ஸாரா பாக்லி என்ற ஆலைப் பெண் சண்டை பிடித்ததும் உண்டு. சண்டை பிடிக்கிற அளவுக்கு அது அவர்கள் சொந்தப் பத்திரிகையாக இருந்தது.

1845-இல் 'லோவெல் ஆபரிங்' நின்றுவிட்டது. பின்னால் அந்த ஆலைகளும் ஒவ்வொன்றாக நின்றன. இன்று அந்த இடம் அமெரிக்க சர்க்கார் பாதுகாக்கும் சரித்திரச் சின்னம். ஆனால் அந்தப் பெண்கள் எழுதியதை இன்றும் படிக்கிறார்கள். அவர்கள் நெய்த துணி எங்கே? எப்போதோ கிழிந்து போயிருக்கும். எழுத்து கிழியவில்லை.

நம் நெடுஞ்சாலைக்கு வருவோம்

இந்தியாவில் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கார், மோட்டார் சைக்கிள், ஸெல்போன், கண்ணாடி என்று தொழிற்சாலைகள். நடுவே வல்லம் வடகால் என்ற இடத்தில் பெண் தொழிலாளிகளுக்காக அரசாங்கத்தின் சிப்காட் நிறுவனம் ஒரு விடுதி கட்டியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி அது திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு விடுதி என்கிறோம். ஆள் கணக்கைப் பார்த்தால் அது ஒரு சிறு பட்டணம்! பட்டணம் முழுவதும் இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்கள்.

இந்தச் சாலைக்கும் சரித்திரம் உண்டு. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஸெல்போன் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பெண்கள் முதல் சம்பளத்தை அங்கேதான் வாங்கினார்கள். 2014 நவம்பரில் அது நின்றுபோயிற்று. அந்தப் பெண்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கடைசி நாள் ஷிப்டு முடிந்து வெளியே வந்தபோது அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? அம்மாவுக்கு என்ன சொல்லிப் போன் செய்தார்கள்?

2021 டிசம்பரில் ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பல பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அவர்களுடைய தோழிகள் இரவு முழுவதும் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்தது; போக்குவரத்து எத்தனை மணி நேரம் நின்றது என்றும் வந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் முதலில் எழுந்து நடந்தவள் யார், அவள் மனசு எப்படி அடித்துக்கொண்டது என்பதைச் செய்தி சொல்லாது. ஹாரியட் ஹான்ஸன் போல அவளேதான் சொல்லவேண்டும்.

"இதெல்லாம் நம் பெண்களால் முடியுமா?" என்று கேட்காதீர்கள். தேவைக்காக எழுதிய பெண்கள் நம்மிடமும் இருந்திருக்கிறார்கள். 'லக்ஷ்மி' கதைகளைப் படிக்காத வீடு ஒரு காலத்தில் உண்டா? அவர் டாக்டர் திரிபுரசுந்தரி. யுத்த காலத்துச் சிரமத்தில் வைத்தியப் படிப்பு நின்றுபோகும் நிலை வந்தபோது, பத்திரிகை ஆசிரியர் வாசனிடம் தாமே போய், கதை எழுதி அந்த வருமானத்தில் படித்தவர். ஜோ அமெரிக்காவில் மட்டும் பிறக்கவில்லை!

தொழிலாளிப் பெண்களைப் பற்றி எழுதியவர்களும் உண்டு. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய்த் தங்கி, பார்த்து, 1979-இல் 'கரிப்பு மணிகள்' எழுதினார். தீப்பெட்டித் தொழிலில் வாடும் குழந்தைகளைப் பற்றிக் 'கூட்டுக் குஞ்சுகள்' எழுதினார். இங்கிலீஷ் நாவலை நம் மண்ணில் நட்டுப் பார்த்ததும் நமக்குப் புதிதல்ல. ஜேன் ஆஸ்டினின் இரண்டு சகோதரிகள் 2000-இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் செட்டிநாட்டுக்கு வந்தார்களே! வீட்டை இழந்து, சென்னைக்கு வந்து, மூத்தவள் வேலை தேடினாளே!

அப்படியானால் ஒரகடத்துக்கு ஒரு ஜோ வரக்கூடாதா? சகோதரிகள் என்றால் ஒரே தாய் வயிற்றில்தான் பிறக்கவேண்டுமா? செஞ்சியிலிருந்து ஒருத்தி, திருவண்ணாமலையிலிருந்து ஒருத்தி, தென்காசியிலிருந்து ஒருத்தி, ஒடிஸாவிலிருந்து தமிழ் தெரியாமல் வந்த ஒருத்தி. ஒரே அறை. இரவு ஷிப்டுக்காரி தூங்க வேண்டுமென்று பகலில் விளக்கைப் போடாமல் இருட்டில் தலை பின்னிக்கொள்வார்கள். ஒருத்திக்கு ஊரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் சம்பாதிக்க ஆசை. ஒருத்தி நர்ஸிங் படிக்கப் பணம் சேர்க்கிறாள். ஒவ்வொரு மாதமும் வீட்டில் ஏதாவது செலவு வந்து அந்தப் பணம் கரைகிறது. ராத்திரி எல்லாருக்கும் அம்மா, போனில்தான். பொங்கலுக்கு லீவு கிடைக்காதவளுக்காக மற்றவர்கள் கரும்பு கொண்டு வருகிறார்கள்.

இதிலே கதை இல்லையா? நீங்களே சொல்லுங்கள்!

ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஆயுள்

ஆனால் ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு இந்தச் சாலையில் ஆயுள் மூன்று வருஷம், நாலு வருஷம். அப்புறம் கல்யாணம், அல்லது கம்பெனியில் வேலை இல்லை என்று ஆகிவிடும். பெட்டி கட்டும்போது துணிமணி போகும், மிக்ஸி போகும், தம்பிக்கு வாங்கிய ஷூ போகும். கணக்கு எழுதின நோட்டு? "இது எதற்கு?" என்று பழைய காகிதத்தோடு போய்விடும். அதன் பின்பக்கமும் கூடவே போய்விடும்.

லூயிசாவின் புத்தகமும் அப்படிப் போயிருக்க வேண்டியதுதான். 'உப்புச் சப்பில்லை' என்று எழுதினவளும் நினைத்தாள்; பதிப்பாளரும் நினைத்தார். படித்துப் பார்த்து, "நன்றாயிருக்கிறது, மேலே எழுதச் சொல்லுங்கள்" என்று சொல்ல ஒரு பெண் இருந்தாள். அந்த ஒரு வார்த்தைதான் வித்தியாசம்.

அந்த வார்த்தையை நீங்களும் சொல்லலாம் அல்லவா? உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பெண் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலையில் இருக்கலாம். உங்கள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி அங்கே விடுதியில் இருக்கலாம். தீபாவளிக்கு அவளுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால், இனிப்போடு கூட ஒரு கதைப் புத்தகமும், கோடு போட்ட நல்ல நோட்டு ஒன்றும் கொடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது, "சம்பளம் எவ்வளவு ஏறிற்று?" என்று கேட்பதற்கு முன்னால், "என்ன எழுதினாய்?" என்று கேளுங்கள். முதலில் சிரிப்பாள். பரவாயில்லை, மறுபடியும் கேளுங்கள்.

இனி அந்த எள்ளுருண்டைப் பெண்ணுக்கு என் பதில்:

அம்மா! உன் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. "எழுந்திருக்கிறோம், பஸ் ஏறுகிறோம், வேலை செய்கிறோம், தூங்குகிறோம்" என்றாய். நடுவிலே ஒன்றை விட்டுவிட்டாய். காய்ச்சலில் படுத்தவளுக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டு காவல் இருந்தீர்களே, அதுதான் கதை. உன் நோட்டின் பின்பக்கத்தில் அது இருக்கிறது. முன்பக்கத்துக் கணக்கு உன் வீட்டுக்குப் போதும். பின்பக்கம் எங்கள் எல்லாருக்கும் வேண்டும்.

அதைத் தொலைத்துவிடாதே!